ஃபீடு ரீடரில் 'புதுசு' என்பதைச் சத்தமில்லாமல் சொல்வது எப்படி

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் காலை ஆறரைக்கு நடந்து போனால், எந்த வீடு எழுந்துவிட்டது, எந்த வீடு ஊருக்குப் போயிருக்கிறது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தால் எழுந்தாயிற்று. கேட்டில் மாட்டிய பையில் நேற்றைய பால் பாக்கெட்டும் இன்றையதும் சேர்ந்து கிடந்தால், யாரோ பால்காரரிடம் சொல்ல மறந்துவிட்டு ரயிலேறிவிட்டார்கள். எந்த வீடும் நம் தோளைத் தட்டி "பாரேன்" என்பதில்லை. மத்தியானத்துக்குள் நாலு பேர் மிதித்து, ஸ்கூட்டர் ஏறி, கோலம் தானாக மங்கிவிடும். அதை உட்கார்ந்து அழிக்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.

எனக்கும் மூன்று நண்பர்களுக்கும் அம்மாவுக்குமாக நான் எழுதி வைத்திருக்கும் குட்டி ஃபீடு ரீடரில் இந்தக் கோலத்தைத்தான் அப்படியே காப்பி அடித்தேன். பிடித்த தளங்களையும் எழுதுபவர்களையும் ஒரே பக்கத்தில் பின்தொடர்வதுதான் ஃபீடு ரீடரின் வேலை. ஒவ்வொரு தளமும் தன் புதுப் பதிவுகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் கோப்புதான் ஃபீடு. யார் எப்போது புதிதாக எழுதினார்கள் என்று ரீடர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். எப்படிச் சொல்கிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். நீங்களும் இப்படி ஒன்று கட்டுவதாக இருந்தால், அல்லது வேறு ஏதாவது ஆப்பில் 'புதிது' குறி வைக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், நான் இடித்துக்கொண்ட இடங்களில் நீங்களும் போய் இடித்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எண்ணைத் தூக்குங்கள்.

என்னுடைய முதல் பதிப்பில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன்: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் படிக்காத பதிவுகளின் எண்ணிக்கை, மேலே மொத்தக் கணக்கு. ஒரு பிப்ரவரியில் அந்த மொத்தம் 1,914-க்குப் போனது. அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் எழுதிய ரீடரை நானே திறக்கவில்லை, திறந்தால் பாக்கி கேட்டு வாசலில் நிற்கும் ஆள் மாதிரி அந்த எண் நிற்கும். கூகுள் ரீடர் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அதன் "1000+" ஞாபகம் இருக்கும். அதற்கு மேல் எண்ணுவதில் அர்த்தமில்லை என்று அதற்கே தெரிந்திருந்தது, ஆனாலும் 2013 ஜூலை 1 அன்று கடையைச் சாத்தும்வரை எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

எண்ணில் என்ன தப்பு என்றால், அது உங்களைப் பற்றிப் பேசுகிறது, நீங்கள் படிக்காததைக் கணக்கெடுக்கிறது. கோலம் அந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். குறி சொல்ல வேண்டியது "இவர் சமீபத்தில் எழுதியிருக்கிறார்" என்பதை மட்டும்தான். நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று குத்திக்காட்டுவது அதன் வேலையே கிடையாது.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்தது இல்லை. 1995-லேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) என்ற ஆய்வகத்தில் மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் அமைதியான தொழில்நுட்பம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். நட்டாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் அங்கே செய்து வைத்த ஒரு சாமானை அதில் உதாரணமாகக் காட்டியிருந்தார்கள்: கூரையில் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து தொங்கும் எட்டடி பிளாஸ்டிக் கயிறு, மோட்டாருக்கு ஈதர்நெட் கேபிளோடு தொடர்பு. நெட்வொர்க்கில் தகவல் ஓடினால் கயிறு துடிக்கும். நெரிசல் என்றால் சத்தத்தோடு சுழலும், நெரிசல் இல்லாத நேரத்தில் சில நொடிக்கு ஒருமுறை லேசாக அசையும். அந்தப் பக்கம் நடப்பவர்களுக்கு ஓரக்கண்ணில் நிலவரம் தெரிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அந்த ஓரக்கண் வேலைதான்.

சரி, எண்ணுக்குப் பதிலாக என்ன? ஒரு வரியில் மூன்றே விஷயம் வையுங்கள்: எழுதுபவரின் பெயர், கடைசியாக எழுதியது எப்போது என்பது வார்த்தையில், கடைசிப் பதிவின் தலைப்பு. இதற்கு இடது ஓரத்தில் எப்போதும் காலியாக விட்ட ஒரு சின்ன இடம், அதில் தேவைப்பட்டால் ஒரு புள்ளி. அந்த ஓரம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். புள்ளி வரும்போது பெயர் இரண்டு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்தால்கூடக் கண் அங்கேதான் போகும்.

நேரத்தை வார்த்தையில் என்று சொன்னேன். "17 நிமிடங்களுக்கு முன்" வேண்டாம், அது பரபரப்பு. இன்று, நேற்று, இந்த வாரம், போன மாதம், ரொம்ப நாளாயிற்று. இவ்வளவு போதும். ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் ரிலேட்டிவ் டைம் ஃபார்மேட் என்ற வசதி தமிழிலேயே "நேற்று" என்று கொடுத்துவிடும், ஆனால் "ரொம்ப நாளாயிற்று" போன்றதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்தேன். மார்கழியில் அம்மா நாலரைக்கு எழுந்து, வாசலை முடித்துவிட்டு, ஐந்து மணிக்குக் காபியோடு போனை எடுப்பாள். "என்னடா, நேத்து ராத்திரி எட்டு மணிக்குப் படிச்சதையே 'இன்று'ன்னு காட்டுது?" என்றாள். என் சர்வர் உலக நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நாள் மாறுவது நம் காலை 5:30-க்கு. அம்மாவுக்கு விடிந்திருந்தது, சர்வருக்கு விடியவில்லை. அதனால் இன்று, நேற்று கணக்கை சர்வரில் போடாதீர்கள். ஃபீடில் வரும் தேதியை அப்படியே பிரௌசருக்கு அனுப்பி, படிப்பவரின் கடிகாரத்தில் நாளைக் கணக்கிடுங்கள்.

இப்போது புள்ளிக்கு வருகிறேன், நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டியது இதோடுதான்.

முதலில், புள்ளி எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? படித்தவுடன் போய்விட வேண்டும், அது சுலபம். படிக்காவிட்டாலும் போய்விட வேண்டும், இதற்குத்தான் டெவலப்பர்கள் பலருக்கு மனசு வராது. ஆனால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே ஆயுள் கொடுத்தால், நாளுக்கு எண்பது செய்தி போடும் பத்திரிகையின் ஃபீடு எப்போதும் புள்ளியோடு நிற்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதும் உங்கள் காலேஜ் தோழியின் புள்ளி நீங்கள் திருநெல்வேலி போய்விட்டு வருவதற்குள் மறைந்திருக்கும். தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அரிதாக எழுதுபவருக்கு நீண்ட ஆயுள், ஓயாமல் எழுதுபவருக்குப் புள்ளியே இல்லை.

கணக்கு இப்படி. ஒருவரின் கடைசிப் பத்துப் பதிவுகளை எடுங்கள், நடுவே ஒன்பது இடைவெளி இருக்கும். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, அதாவது ஐந்தாவதை, எடுங்கள். அதில் கால்வாசிதான் புள்ளியின் ஆயுள். 28 நாளுக்கு ஒருமுறை எழுதுகிறவருக்கு ஏழு நாள், வாரம் ஒருமுறை எழுதுகிறவருக்கு இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு, தினமும் எழுதுகிறவருக்கு ஆறு மணி நேரம். இடைவெளி அரை நாளுக்கும் கீழே என்றால் புள்ளி கிடையாது. மேல்வரம்பு பத்து நாள். சராசரி ஏன் கூடாது என்றால், வாரா வாரம் எழுதிக்கொண்டிருந்தவர் நடுவில் குழந்தை பிறந்து ஒரு வருஷம் காணாமல் போயிருப்பார். எட்டு இடைவெளி ஏழு நாள், ஒன்று மட்டும் 365 நாள். சராசரி அவரை 47 நாளுக்கு ஒருமுறை எழுதுபவர் ஆக்கிவிடும். நடு எண் சரியாக ஏழு என்று சொல்லும்.

கால்வாசி என்பது என் கைக்கு வந்த அளவு, வேதவாக்கு இல்லை. மூன்றில் ஒன்றும் போட்டுப் பார்த்தேன், பக்கம் முழுக்கப் புள்ளியாகத் தெரிந்தது.

அந்தக் காணாமல் போனவர் திரும்பி வருகிறாரே, அவருக்கு மட்டும் தனி மரியாதை கொடுக்கலாம். வழக்கமான இடைவெளியைப் போல பத்து மடங்கு மௌனத்துக்குப் பிறகு எழுதினால், புள்ளியோடு நேரத்துக்குப் பக்கத்தில் "ஒரு வருஷம் கழித்து" என்று மூன்று வார்த்தை. என் ரீடரிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கேயாவது ஒன்று தென்படும்.

அடுத்தது மங்குவது எப்படி என்பது. கோலம் மாதிரி என்று சொல்லிவிட்டு முதலில் நிஜமாகவே கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்படி எழுதினேன், நூறு சதவீதத்திலிருந்து மணிக்கு மணி குறைந்து பூஜ்யம் வரை. பார்க்கக் கவித்துவமாக இருந்தது, யாருக்கும் எதுவும் புரியவில்லை. அறுபது சதவீதப் புள்ளிக்கும் நாற்பத்தைந்து சதவீதப் புள்ளிக்கும் வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, இருபதுக்குக் கீழே போனால் ஸ்கிரீனில் அழுக்கு என்று துடைக்கப் பார்க்கிறார்கள். இப்போது மூன்றே நிலை: ஆயுளின் முதல் பாதியில் நிரம்பிய புள்ளி, அடுத்த பாதியில் வெறும் வளையம், அப்புறம் ஒன்றுமில்லை. நிறத்தால் இல்லாமல் வடிவத்தால் சொல்வதால், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இது தெரியும்.

சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணுக்கே தெரியாமல் செய்துவிடாதீர்கள், நிறையப் பேர் அடிக்கும் கூத்து அது: வெள்ளையில் வெளிர் சாம்பல் புள்ளி, வெளிர் சாம்பலில் எழுத்து. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 விதிகள் (2018) சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, ஐகான் போன்றவற்றுக்கு 3:1 என்று பின்னணியோடு மாறுபாடு கேட்கின்றன. அதற்குக் கீழே போகாமலே அமைதியாக இருக்கலாம், அளவையும் இடத்தையும் வைத்து. என் புள்ளி எட்டு பிக்சல்தான். சிவப்பை விட்டுவிடுங்கள், அது சிக்னலுக்கும் கரண்ட் பில் கடைசித் தேதிக்கும் உரியது. வெள்ளைப் பின்னணியில் கோலத்தின் ஓரத்தில் இழுக்கும் காவியின் அடர்த்தியான சாயல், டார்க் மோடில் அரிசிமாவு வெள்ளை. டார்க் மோடை மறந்துவிட்டு காவியையே விட்டிருந்தேன், இரவில் புள்ளி இருந்த இடமே தெரியவில்லை.

படிக்காத தலைப்பைத் தடித்த எழுத்தில் போடும் பழைய வழக்கம் இருக்கிறதே, தமிழில் அது ஒத்துவராது. தமிழ் எழுத்து ஏற்கனவே அகலம். போல்டு ஆக்கினால் இன்னும் அகலமாகி, ஒரே வரியில் நின்ற தலைப்பு இரண்டாவது வரிக்கு இறங்கும். படித்ததும் மெலிந்து மறுபடி மேலே ஏறும். கீழே இருக்கும் எல்லா வரியும் துள்ளும். ஃபாண்டில் போல்டு எடை இல்லாவிட்டால் பிரௌசர் தானாகக் கோட்டைத் தடிமனாக்கும், ண-வின் சுழிகளும் ஐ-யின் வளைவும் அடைத்துக்கொண்டு மை கொட்டின மாதிரி ஆகும். கட்டாயம் வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி பல எடைகள் உள்ள ஃபாண்டில் ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். நான் விட்டுவிட்டேன்.

அசைவு விஷயத்தில் ஒரே விதிதான், பக்கம் திறந்திருக்கும்போது எதுவும் நகரக் கூடாது. தாம்பரத்திலிருந்து பீச் போகும் லோக்கலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டைவிரலால் ஒரு தலைப்பைத் தொடப் போகிறீர்கள், அந்த நொடியில் மேலே புதிதாக ஒன்று வந்து செருகிக்கொள்கிறது, விரல் பட்டது பக்கத்து வரியில், திறந்தது கிரிக்கெட். எனக்கு ஒரே பயணத்தில் இரண்டு முறை நடந்தது. அன்று இரவே வரிசையைப் பூட்டினேன். பக்கத்தைத் திறக்கும்போது என்ன வரிசையோ மூடும்வரை அதே வரிசை, புதிதாக வந்தவை அடுத்த முறை திறக்கும்போது. பார்ப்பதற்கு ஏதோ பழைய காலத்து நடைமுறை மாதிரி இருந்தாலும் யாரும் குறை சொல்லவில்லை. புள்ளி துடிப்பது, மின்னுவது, எகிறிக் குதிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பிரௌசர் டேபில் இருக்கும் குட்டி ஐகானை மட்டும் மாற்றலாம், அரிதாக எழுதுபவர் யாராவது எழுதியிருந்தால் அதில் ஒரு புள்ளி. தலைப்பில் எண் போட்டு மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். போனில் ஆப்பாக நிறுவினால் ஐகான் பேட்ஜ் (ஐகானின் மூலையில் வரும் குட்டிக் குறி) வைக்கும் வசதி சில பிரௌசர்களில் உண்டு, எண் கொடுக்காமல் அழைத்தால் வெறும் குறி மட்டும் வைக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களுக்குப் புள்ளி ஒன்றுமே சொல்லாது, அதனால் பெயருக்குப் பின்னால் "புதிது" என்ற வார்த்தையைக் கண்ணுக்குத் தெரியாமல் வையுங்கள். தானாக வாசித்து நடுவே குறுக்கிடும் லைவ் ரீஜனில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வரிசைக்கும் அதே அரிது கணக்குதான். என் பக்கத்தில் மூன்று அடுக்கு, "எப்போதாவது", "வாரா வாரம்", "ஓயாமல்" என்று பெயர். எப்போதாவது எழுதுபவர்கள் மேலே. ஓயாதவர்கள் கடைசியில், மடித்து வைத்தபடி, தொட்டால்தான் விரியும்.

இனி சர்வர் பக்கம். குறி பொய் சொன்னால் அதை எவ்வளவு அழகாக வரைந்தாலும் பிரயோஜனமில்லை.

எது 'புதிது' என்பதை கவனமாக முடிவு செய்யுங்கள். ஆர்எஸ்எஸ் என்ற ஃபீடு வடிவத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாளம் வரலாம், ஆட்டம் என்ற இன்னொரு வடிவத்தில் (2005-இல் தரமானது, விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) அடையாளம் கட்டாயம். அதில் வெளியிட்ட தேதி, திருத்திய தேதி என்று இரண்டும் வரலாம். திருத்திய தேதியை நம்பிப் புள்ளி வைத்தால் ஒருவர் ஒற்றுப்பிழை திருத்தும் ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் புள்ளி வரும். ஒரு தளம் தன் மென்பொருளை மாற்றியபோது பழைய இருபது பதிவுகளுக்கும் புது அடையாளம் போட்டுவிட்டார்கள், ஒரே இரவில் இருபதும் புதிதாக வந்து நின்றன. அதற்கப்புறம் ஒரு காவல் வைத்தேன்: ஃபீடில் பாதிக்கு மேல் திடீரென்று புதிதாகத் தெரிந்து, தேதிகள் பழையதாகவும் இருந்தால், பேசாமல் சேமித்துக்கொள், புள்ளி வைக்காதே. புதிதாக ஒருவரைச் சேர்க்கும் முதல் நாளும் இதே கதை, அவருடைய பழைய பதிவு எதற்கும் புள்ளி வேண்டாம். நாளைய தேதியோடு வருகிற பதிவும் உண்டு, அங்கே கடிகாரம் தப்பு. அப்படி வந்தால் நீங்கள் எடுத்த நேரத்தையே தேதியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது வரிசையின் தலையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

எவ்வளவு அடிக்கடி போய்ப் பார்ப்பது? மாதம் ஒருமுறை எழுதுபவரின் சர்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுவது அநாகரிகம். நான் அவர்களை நாளுக்கு இரண்டு முறையும் மற்றவர்களை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்க்கிறேன். போகும்போது போன முறை அவர்கள் கொடுத்த ஈ-டேக் (ஃபீடின் அந்தப் பதிப்புக்கான அடையாளச் சீட்டு), கடைசியாக மாறிய தேதி இரண்டையும் திருப்பிக் காட்டுங்கள். மாற்றம் ஒன்றுமில்லை என்றால் 304 என்று மட்டும் பதில் வரும், முழு ஃபீடையும் இறக்க வேண்டியதில்லை. 429 வந்தால் அளவுக்கு மீறித் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம், எவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்கிறார்கள் என்று பார்த்து அவ்வளவு பொறுங்கள். அம்மாவின் கணக்கில் இன்னும் ஒரு படி போனேன், காலைப் பேப்பர், மாலைப் பேப்பர் மாதிரி நாளுக்கு இரண்டே முறைதான் அவள் பக்கம் மாறும்.

கோலம் இல்லாத வாசலும் ஒரு செய்தி சொல்லும், அந்த வீட்டில் துக்கமா என்று பக்கத்து வீட்டார் விசாரிப்பார்கள். ஆனால் ரீடரில், எழுதுபவர் சும்மா இருக்கிறாரா, நம்மால் போய்ப் பார்க்க முடியவில்லையா என்பது இரண்டும் ஒரே மாதிரி தெரிந்துவிடக் கூடாது. ஒரு வாரம் தொடர்ந்து பிழை வந்தால் நேரத்துக்குப் பதிலாக "எட்ட முடியவில்லை" என்று சாதாரண எழுத்தில் போடுங்கள், எச்சரிக்கை முக்கோணம் எல்லாம் வேண்டாம். 410 வந்தால் அவர்களே நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், தட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாகச் சோதனை. போனை கிரேஸ்கேலில், அதாவது கறுப்பு வெள்ளையில், போட்டுப் பாருங்கள். கையை முழுசாக நீட்டிப் பாருங்கள். பிறகு மே மாத மத்தியானம் ஏதாவது ஒரு நிழற்குடை இல்லாத பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். என் வளையத்தின் கோடு ஒரு பிக்சலாக இருந்தது, வேளச்சேரி வெயிலில் சுத்தமாகக் காணோம், இரண்டாக்கினேன். பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்து பாருங்கள். நான் போன தடவை திறந்தபோது நான்கு புள்ளியும் ஆறு வளையமும் இருந்தன, காபி ஆறுவதற்குள் பார்த்து முடித்துவிட்டேன்.

நண்பர்களில் ஒருவர் மட்டும் எண் இல்லாமல் முடியாது என்று அடம்பிடித்தார். அவர் ஆடிட்டர். செட்டிங்ஸில் அடியில் ஒரு பட்டன் வைத்துக்கொடுத்தேன், முதலில் ஆஃப் ஆகத்தான் இருக்கும். போட்டுக்கொண்டார். இப்போது 312 காட்டுகிறதாம், அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லையாம்.